ஜெபக் குறிப்பாக வந்த அவதூறு

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம். ஒரு சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாஸ்புக் பக்கத்தின் படம் வந்தது. எடுத்த தொகை என்ற பத்தியில் ரூ.1,80,000. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "கோபுரப் பணம் யார் வீட்டுக்குப் போச்சு? பொருளாளர் பதில் சொல்வாரா?"

அந்தச் சபை திருநெல்வேலிச் சீமையில், பனையும் செம்மண் தேரியும் உள்ள பக்கம். ஊரையோ ஆட்களையோ பெயர் சொல்லப்போவதில்லை. வழக்கு முடிந்துவிட்டது, அதில் சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்றும் அதே கோயிலில் அடுத்தடுத்த வரிசையில் உட்காருகிறவர்கள். பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் அவர் 'சார்வாள்'.

அன்று சாயங்காலத்துக்குள் படம் ஊரைத் தாண்டிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் மும்பை தாராவியிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். இரவு தாராவியிலிருந்து மைத்துனர் கூப்பிட்டு, "அத்தான், இது என்ன கத?" என்று கேட்டபோதுதான் சார்வாளுக்கே விஷயம் தெரிந்தது. அவரிடம் இருந்தது பட்டன் போன். தன்னைப் பற்றி விசாரணை நடந்து தீர்ப்பும் ஆகிவிட்ட அந்தக் குழுவில் அவர் உறுப்பினரே இல்லை.

சட்டக் கல்லூரியில் இயற்கை நீதி என்ற பாடம் நடத்தும்போது ஒரு பழைய இங்கிலாந்து வழக்கைச் சொல்வார்கள். பென்ட்லி என்ற பேரறிஞரின் பட்டங்களை, அவரை அழைத்து விசாரிக்காமலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பறித்துவிட்டது. 1723-இல் அந்த வழக்கு மன்னர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகளில் ஒருவர் ஆதியாகமத்தைத்தான் எடுத்துக்காட்டினார். ஆதாம் கனியைத் தின்றது கடவுளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் தண்டிப்பதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய், தின்றாயா என்று கேட்டார். பென்ட்லிக்குப் பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பில்லை என்ற விதியைப் பேசும்போதெல்லாம் வழக்கறிஞர்களான நாங்கள் இன்றும் ஆதாமை நினைக்கிறோம். வேதத்தை அறிந்த ஒரு சபை, அந்த முதல் விசாரணையின் ஒழுங்கை ஒரு ஞாயிறு மதியத்தில் மறந்துவிட்டது.

சார்வாள் என்னைப் பார்க்க வந்தபோது மஞ்சள் பையில் மூன்று தாள்கள் வைத்திருந்தார். சபைக் கமிட்டித் தீர்மானத்தின் நகல். பாஸ்புக் பக்கத்தின் நகல். வங்கி கொடுத்த ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது. கோயில் கோபுர வேலை மழைக்குப் பிறகுதான் தொடங்கும், அதுவரை பணம் சும்மா கிடக்க வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. சபைப் போதகரான ஐயரவாளும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அதே கிளையில், அதே நாளில், சபையின் பேரிலேயே தொகையை டெபாசிட்டாக மாற்றியிருக்கிறார்கள். பாஸ்புக்கின் விவரப் பத்தியில் அது அச்சாகியும் இருந்தது. குழுவில் வந்த படத்தில் தேதியும் தொகையும் இருந்தன. நடுவிலிருந்த அந்த விவரப் பத்தி மட்டும் மடிந்த தாளுக்குள் மறைந்திருந்தது.

படம் எடுத்தவர் கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். கமிட்டிக்குப் புதிதாகத் தேர்வானவர். கோபுரத்துக்காக நண்பர்களிடம் அலைந்து திரிந்து பணம் திரட்டியவரும் அவர்தான். தணிக்கைக்காக மேசையில் வைத்திருந்த பாஸ்புக்கை அவசரமாகப் படம் பிடித்திருக்கிறார். வழக்கின் எல்லாக் காகிதத்தையும் பார்த்த பிறகு சொல்கிறேன்: அவர் பொய் ஜோடிக்கவில்லை. தான் பார்த்ததை முழுசாக நம்பினார். சந்தேகப்பட்டதும் குற்றமில்லை. கோயில் பணம் ஏழை எளியவர்கள் கொடுத்த காணிக்கை; அதற்குக் கணக்குக் கேட்பது சபையாரின் கடமை. ஆனால் அவர் கமிட்டி உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் வாய் திறந்து கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் ரசீதை எடுத்துக் காட்டியிருப்பார்கள்.

எனக்கு அந்தப் படத்தைவிட அதிகம் மனசைப் பிசைந்தது அதற்குப் பிறகு வந்த ஒரு குரல் பதிவு. பேசியவர் பல வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் அம்மா. படத்தைத் தன் சகோதரிகள் ஜெபக் குழுவுக்கு அனுப்பி, கூடவே தழுதழுத்த குரலில் பேசியிருந்தார். "நம்ம சார்வாள் சத்துருவோட கண்ணியில விழுந்துட்டாங்க. சபைப் பணத்துல கை வச்சிட்டாங்க. அந்தக் குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க. யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

இளைஞர் கேட்டது கேள்வி. கேள்விக்குப் பதில் இருக்கலாம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள். இந்த அம்மாவின் குரலில் கேள்வி போய், நடந்து முடிந்த பாவமாக அது மாறிவிட்டது. ஜெபக் குறிப்பை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. உண்மையா என்று கேட்டால் ஜெபிக்க மனசில்லாதவர் என்று ஆகிவிடுமோ என்ற கூச்சம். அதனால் அந்தக் குரல் போன வேகத்தில் படம்கூடப் போகவில்லை. சார்வாளின் மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா அந்த ஜெபக் குழுவில் இருந்தார். "ஈஸ்டர் கழியட்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஈஸ்டர் கழிந்தது, அவர்கள் வரவில்லை.

நான் வக்கீல் நோட்டீஸ் தயார் செய்யலாம் என்றேன். சார்வாள் தலையசைத்து மறுத்தார். "தம்பி, மத்தேயு 18-ல கர்த்தர் ஒரு வழி சொல்லியிருக்காரே. அத முதல்ல செஞ்சு பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த அதிகாரத்தில் வரும் ஒழுங்கு. அவரைக் குற்றம் சாட்டியவர்கள் முதல் படியையும் இரண்டாம் படியையும் விட்டுவிட்டு, மூன்றாம் படிக்கும் அப்பால், ஊர் உலகத்துக்கே சொல்லிவிட்டிருந்தார்கள். பழி சுமந்தவர் முதல் படியிலிருந்து தொடங்கினார்.

இளைஞரிடம் தனியாகப் போனார். ரசீதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டதாம். தன் பதிவை அழித்துவிட்டதாகச் சொன்னார். அழிந்தது அவருடைய போனில் மட்டும்தான். அனுப்பி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிவிட்டால் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க அப்போது வாட்ஸ்அப்பில் வழியில்லை. திருத்தம் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் மறுநாள் பின்வாங்கினார். சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அணியின் பெரியவர்கள், இப்போது இறங்கிப்போனால் அணியே போய்விடும் என்று தடுத்திருக்கிறார்கள். நம் சபைகளில் தேர்தல் எதையெல்லாம் தின்றிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாவிடம் இரண்டு மூப்பர்களோடு போனார். அவர் அழுதார். "நான் ஜெபிக்கத்தான சொன்னேன் சார்வாள், வேற என்ன செஞ்சேன்" என்றார். மறுபடி குரல் பதிவு போட்டால் விஷயம் இன்னும் பெருசாகிவிடும் என்று பயந்தார். மூன்றாவதாக ஐயரவாளிடம், ஆராதனை முடிவில் அறிவிப்புகளோடு பாஸ்புக்கைச் சபைமுன் வாசிக்கும்படி கேட்டார். கையெழுத்துப் போட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஐயரவாளுக்குத் தெரியும். ஆனாலும் சண்டை வரும் என்று அஞ்சி, "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஜெபிப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காவல் நிலையத்துக்கும் போய் வந்தார். அவதூறு போலீஸார் நேரடியாக வழக்குப் பதியும் குற்றமில்லை. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். இணையத்தில் எழுதியதால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் போடலாமே என்று இன்றும் பலர் வந்து கேட்கிறார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது.

மறுபடி என்னிடம் வந்தவர் உட்கார்ந்ததும் கேட்டது சட்டக் கேள்வியில்லை. "விசுவாசிகள் ஒருத்தர்மேல ஒருத்தர் கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்காரே தம்பி. நான் போலாமா?" நானும் கிறிஸ்தவன். இந்தக் கேள்வியோடு பலநாள் வாழ்ந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொரிந்து சபையில் சகோதரர் வழக்கைத் தீர்க்க ஒரு ஞானவான்கூட இல்லையா என்பதுதான் பவுலின் வேதனை. சார்வாள் அப்படி ஒருவரைத் தேடி மூன்று கதவைத் தட்டிவிட்டார். அதே பவுல், பெஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் தன்மேல் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டபோது, ரோமக் குடிமகனாக இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 25-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பழிவாங்கப் போவதும் பேர் மீட்கப் போவதும் வேறு வேறு என்றேன். சில நாள் கழித்து வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனையோடு: யாரும் ஜெயிலுக்குப் போகக் கூடாது, நஷ்டஈடு வேண்டாம், பொய்யைக் கேட்ட காதுகள் உண்மையையும் கேட்க வேண்டும்.

இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகளின் கீழ் பிராது தாக்கலானது. எதிரிகள் இருவர்: இளைஞரும் அந்த அம்மாவும். சபைக் குழுவின் அட்மின் ஐயரவாள்தான். அவரையும் சேர்க்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தினார்கள். நான் சேர்க்கவில்லை. உறுப்பினர் ஒருவர் போடும் பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று, கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில்தான் சொல்லியிருந்தது. ஐயரவாளின் மௌனம் மேய்ப்பனுக்குரிய கடமையில் விழுந்த குறை. அதை விசாரிக்கும் இடம் மாஜிஸ்திரேட் கோர்ட் இல்லை.

சாட்சியாக ஓய்வுபெற்ற ஒரு மின்வாரிய ஊழியர் தன் போனோடு கூண்டேறினார். மின்னணு ஆவணத்தின் நகலைக் காட்டினால் அப்போதைய சாட்சியச் சட்டப்படி 65பி சான்றிதழ் வேண்டியிருந்தது. அசல் கருவியை அதன் சொந்தக்காரரே கொண்டுவந்து சாட்சி சொன்னால் அது தேவையில்லை என்பது 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய சட்டம். அவர் போனில் படமும் இருந்தது, தன் மனைவியின் ஜெபக் குழுவிலிருந்து வந்த குரலும் இருந்தது. இளைஞர் தன் போனில் அழித்தது அவர் போனில் அப்படியே இருந்தது.

அந்த அம்மாவின் வக்கீல் திறமைசாலி. இரண்டு வாதம் வைத்தார். ஒன்று, படம் அவர் எடுத்ததில்லை, வந்ததை அனுப்பினார், அவ்வளவே. இதற்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருந்தது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகரின் முன்ஜாமீன் மனுவில், ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வேறொருவர் எழுதியது, படிக்காமல் பகிர்ந்தேன் என்ற அவருடைய விளக்கம் 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் எடுபடவில்லை.

இரண்டாவது வாதம்தான் கனமானது. 499-ஆம் பிரிவில் பத்து விதிவிலக்குகள் இருந்தன. ஒன்பதாவதும் பத்தாவதும், பிறர் நலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்னதைப் பாதுகாத்தன. ஜெபிக்கச் சொன்னதைவிட நல்லெண்ணம் வேறென்ன இருக்க முடியும் என்று கேட்டார். சார்வாளைக் கூண்டில் வைத்துக் குறுக்கு விசாரணையும் அப்படியே போயிற்று.

"ஒருவருக்காக ஜெபிப்பது கிறிஸ்தவ வழக்கம்தானே?"

"ஆமா."

"ஜெபிக்கச் சொன்னவர் உங்களுக்குக் கெடுதல் நினைத்திருப்பாரா?"

"நினைச்சிருக்க மாட்டாங்க. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த ஜெபத்துல நானும் சேர்ந்து ஆமென் சொல்லியிருப்பேன்."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். எதிரிகள் நின்ற இடத்தில் அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வக்கீலுக்கு என்னுடைய சட்டப் பதில், தண்டனைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்று அது சொன்னது. மனசில் கெட்ட எண்ணம் இல்லாததோடு நல்லெண்ணம் முடிந்துவிடுவதில்லை, விசாரித்திருக்க வேண்டும். சார்வாள் வீடு அந்த அம்மா வீட்டிலிருந்து நாலாவது வீடு.

இங்கே எட்டாவது விதிவிலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ வாசகர்கள் அதை அறிவது நல்லது. ஒருவர்மேல் அந்த விஷயத்தில் சட்டப்படி அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு குற்றம் சாட்டினால் அது அவதூறாகாது. பொருளாளர்மேல் சந்தேகம் வந்தால் சபைக் கமிட்டிக்கு எழுதலாம், திருமண்டல நிர்வாகத்துக்கு எழுதலாம், உண்மையிலேயே கையாடல் என்று ஆதாரம் இருந்தால் போலீஸுக்குப் போகலாம். உரிய கவனத்தோடு அப்படிச் செய்கிறவருக்குச் சட்டம் காவலாக நிற்கிறது. விசாரித்து நியாயம் செய்யக்கூடியவரிடம் போ என்றது 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம். மத்தேயு 18-உம் அதையேதான் சொல்கிறது. பேரப்பிள்ளைகளின் படமும் பூக்கள் போட்ட காலை வணக்கமும் வந்துபோகும் இருநூறு பேர் குழுவில் விசாரிக்கவும் ஆளில்லை, தீர்த்துவைக்கவும் ஆளில்லை.

பாவத்தை மூடி வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சபைகளில் உண்மையான கையாடல்கள் நடந்திருக்கின்றன. பிள்ளைகளிடமும் பெண்களிடமும் தவறாக நடந்தவர்களைச் 'சபை மானம்' என்று சொல்லி மறைத்த கொடுமையும் நடந்திருக்கிறது. அங்கே மத்தேயு 18-ஐக் காட்டிப் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பது பாவம். பிள்ளைகள்மேல் பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். நான் சொல்வது, கேட்டால் தெரிந்துவிடும் ஒன்றைக் கேட்காமல் பரப்புவதைப் பற்றி.

வங்கி மேலாளர் வந்து டெபாசிட் கணக்கை நிரூபித்த பிறகு வழக்கில் மீதி எதுவும் இல்லை. அடுத்த வாய்தாவில் இரு தரப்பும் பேசிப் பார்க்கலாமே என்றார் மாஜிஸ்திரேட். அவதூறு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். சார்வாள் தன் பழைய நிபந்தனையையே வைத்தார். இளைஞர், படம் போட்ட குழுவிலும் தன் அணியின் குழுவிலும் முழுப் பாஸ்புக் பக்கத்தையும் ரசீதையும் போட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா அதே ஜெபக் குழுவில் குரலிலேயே திருத்தம் சொன்னார். ஒரு ஞாயிறு ஆராதனையில், விவரப் பத்தி உட்பட, கோபுரக் கணக்கை வரிவரியாக வாசித்ததும் அந்த இளைஞர்தான். தண்டனை வேண்டுமானால் அதுவே போதும் என்று எனக்குப் பட்டது. 2023-இல் சமரசத்தைப் பதிவு செய்து, சட்டப்படி இருவரையும் விடுதலை செய்து வழக்கு முடிந்தது.

திருத்தம் தாராவிக்குப் போகவில்லை. பொய்யை அங்கே அனுப்பியவர்கள் உண்மையை அனுப்ப மறந்துவிட்டார்கள். மைத்துனர் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. முறிந்த சம்பந்தமும் முறிந்ததுதான். சார்வாள் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு; இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் என்பவற்றோடு சமூக சேவையும் தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. தனிநபர் புகாரை மாஜிஸ்திரேட் விசாரணைக்கு ஏற்கும் முன்பே எதிரியை அழைத்துக் கேட்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவு இப்போது சொல்கிறது.

சபைக் கமிட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரவு செலவை மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டுங்கள். கணக்குக் கேட்க வருகிறவரை அணி பார்க்காமல் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் போனை எடுப்பதற்கு முன்னால் உங்களிடம் வர ஒரு வழி இருக்கட்டும். ஐயரவாள்களே, சபைமுன் வாசிக்க வேண்டியதை வாசித்துவிடுங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஒருவருடைய பாவத்தைச் சொல்லி ஜெபக் குறிப்பு வந்தால், அனுப்பியவரிடம் "அவரிடம் பேசினீர்களா?" என்று கேளுங்கள். பேசவில்லை என்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்க உண்மையிலேயே பாரம் இருந்தால், எழுந்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஜெபியுங்கள்.